கழலாத பச்சைக்கல் வளையல்

ரங்கூன்,
6-10-1941

அன்புத் தங்கை விஜயத்துக்கு,

அண்ணன் எழுதுவது. வளைகாப்புக்கு நான் கொடுத்தனுப்பிய வளையல் உன் கைக்குப் பொருந்தியதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். மனம் நிறைந்தது. நான் வேலை பார்க்கும் சீனர் கடையில் ஒரே பச்சைக்கல்லைக் குடைந்து செய்தது அது. பர்மாக் கல்போல் பளபளக்காது. எண்ணெய் பூசினாற்போல் மங்கலாக இருக்கும். ஆனால் உறுதியில் ஈடில்லை. அடுப்புச் சூடும் புளியும் படவிடாதே. வெதுவெதுப்பான நீரில் கழுவி மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சீனர்களுக்கு இது பொன்னைவிட மேல். பிறந்த குழந்தைக்கும் கட்டுகிறார்கள், இறந்தவரோடும் வைத்துப் புதைக்கிறார்கள். உடம்பைக் காக்குமாம்.

சிவசங்கரன்

ஆனையூர்,
1-12-1941

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் வாய்விட்டுப் படித்ததுதான் வினையாகிவிட்டது. படித்து முடிப்பதற்குள் என் மாமியார் எழுந்துவிட்டார்கள். "பொணத்தோட பொதைக்கிற கல்லையா புள்ளத்தாச்சி கையில மாட்டி வச்சிருக்க? கழட்டுடீ!"

கழலவில்லை, அண்ணே. ஐப்பசியிலிருந்தே எனக்குக் கைகால் வீக்கம். வளையல் இறுகி, விரல்கள் மரத்துப்போகின்றன. காலையில் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கின்றன. கொல்லர் வீரணனை அழைத்து உடைத்துவிடலாம் என்கிறார்கள். குழந்தை அசையாத நாளில் அத்தை என் வயிற்றைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே பதில் போடுங்கள்.

விஜயம்

ரங்கூன்,
13-12-1941

விஜயம்,

சுத்தியலை மட்டும் கிட்டே விடாதே. அந்தக் கல் உள்ளே நார்நாராகப் பின்னியிருக்கும், கண்ணாடிபோல் தெறிக்காது. கடையில் ஒருமுறை ஒரு துண்டை அடித்துப் பார்த்தோம். கீழே இருந்த பலகைதான் பிளந்தது. கல்லுக்கு முன் உன் எலும்பு போய்விடும். கையை உயர்த்தி வைத்திரு. வீக்கம் கொஞ்சம் இறங்கியதும், கையில் பட்டுநூலை நெருக்கமாகச் சுற்றி, எண்ணெய் விட்டு, மெல்ல இழுக்கச் சொல். முடியாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடு.

இங்கே சண்டை வந்துவிட்டது. சங்கு ஊதினால் பள்ளத்தில் குதிக்கிறோம். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பள்ளத்தில் கிடக்கும்போதும், அந்தக் கடிதத்தில் ஏன் அப்படி எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிவசங்கரன்

ஆனையூர்,
12-3-1942

அன்புள்ள அண்ணனுக்கு,

டிசம்பரில் நீங்கள் எழுதியது இன்றுதான் வந்தது. சென்சாரில் உறையைப் பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள்.

வீரணன் மார்கழி முதல் வாரமே வந்துவிட்டார். "ஒரே தட்டுத்தான் தாயி, கண்ண மூடிக்க" என்றார். மூன்று தட்டு தட்டினார். நீங்கள் பயந்ததுதான் நடந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா நூல் சுற்றியே வளையலைக் கழற்றி, எலும்புக்குக் கட்டுப் போட்டார். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல உங்கள் மாப்பிள்ளைதான் எழுதுகிறார்.

தையில் பெண் குழந்தை பிறந்தாள். அத்தை அவளைக் கீழே விடுவதில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான்டி அவசரப்பட்டுட்டேன்" என்று அழுதார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. உங்கள்மேலும் இல்லை, அண்ணே. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரங்கூன் விழுந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் மதுரை ரயிலடியில் இறங்குகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை தினமும் போய் உங்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். குண்டு விழுந்த பிறகும் உங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார் ஒருவர். உங்கள் கடை இருந்த தெருவே இப்போது இல்லை என்கிறார் இன்னொருவர்.

பர்மாவுக்குக் கடிதம் எடுப்பதில்லை என்று தபாலாபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால் விலாசம் எழுதவில்லை. நாளை ரயிலடிக்குப் போகும்போது இதை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

உங்கள் தங்கை
விஜயம்