அன்மென்ஷனபிள்ஸ் விற்ற அக்காவுக்கு

அக்கா,

உங்கள் வீட்டைக் காலி செய்து தரச்சொல்லி வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். கடைச் சரக்குப் பெட்டிகளைத் தெருவில் போட மனமில்லாமல், அதே மாடியில் எதிர்வீடான என் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். இன்று காலை ஒன்றைத் திறந்தேன். புது எலாஸ்டிக் வாசமும் அந்துருண்டை வாசமும் கலந்து முகத்தில் அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியின் மேல் உங்கள் கையெழுத்தில், இங்கிலீஷில்: அன்மென்ஷனபிள்ஸ், பெரிய சைஸ்.

பசுந்தாங் மார்க்கெட்டில் பெண்களின் உள்ளாடை விற்றுப் பிழைத்த நீங்கள், அந்தச் சாமானின் பெயரை மட்டும் தமிழிலோ பர்மிய மொழியிலோ வாயால் சொன்னதே இல்லை. கான்வென்டில் படித்த உங்கள் அம்மாவிடமிருந்து வந்த பழைய துரைசானி இங்கிலீஷ்தான் துணை. சொல்லக் கூடாதவை என்று அன்மென்ஷனபிள்ஸ் ஒரு பெட்டி. சின்னதுகள் என்று அர்த்தம் வரும்படி ஸ்மால்ஸ் ஒரு பெட்டி. விவரிக்க முடியாதவை என்று இன்எக்ஸ்பிரசிபிள்ஸ் இன்னொரு பெட்டி. வாங்க வரும் பர்மியப் பெண்களுக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே பொட்டலம் கட்டுவீர்கள்.

"விவரிக்க முடியாததை எப்படிக்கா சைஸ் பார்த்து விக்கிறீங்க?" என்று சீண்டுவேன்.

"போடி, வாயைக் கழுவு" என்பீர்கள், கையால் உங்கள் வாயைப் பொத்திக்கொண்டு.

வீட்டிலும் அப்படித்தான். இந்த ஊரில் பெண்கள் இடுப்புக்குக் கீழே உடுத்துவதை ஆண்கள் நடக்கும் இடத்தில் தலைக்கு மேலே காயப்போடக் கூடாது. அதன் அடியில் போகிற ஆணின் மகிமை போய்விடும் என்பார்கள். நீங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், உங்களுடையதைப் பின்பக்கம் முழங்கால் உயரத்தில் கட்டி, அதன் மேல் துண்டையும் போட்டு மூடிவைப்பீர்கள். ஆண்பிள்ளையே இல்லாத வீட்டில் யாருக்குக்கா இந்த மறைப்பு என்று சிரித்திருக்கிறேன்.

ராணுவத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் என் சிரிப்பு நின்றது. என் மகன் செல்வம் வயசுப் பையன் என்பது வார்டு ஆபீசுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் நீங்கள் ஒருத்திதான். "செல்வம் என் பின்ரூம்ல இருக்கட்டும்" என்று நீங்களாகத்தான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை.

அவர்கள் பட்டப்பகலில் வந்தார்கள். முதலில் என் வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். பிறகு வார்டு ஆள் உங்கள் கதவைக் காட்டினான். நீங்கள் திறந்தீர்கள். என் வாசலில் நின்று நானும் பார்த்தேன். முன்ரூமிலிருந்து பின்ரூமுக்குப் போகும் ஒற்றை நடையில், சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கடைச் சரக்கில் பாதியை நனைத்துத் தொங்கவிட்டிருந்தீர்கள். கறுப்பு, வெள்ளை, ரோஸ். நடுவில் உங்களுடைய பழசும் இருந்தது. குனியாமல் ஒருவராலும் அந்தப் பக்கம் போக முடியாது.

"எடு இதையெல்லாம்" என்றான் அதிகாரி.

"நீங்களே எடுங்க. ஜட்டிதான். பொம்பளை ஜட்டி. நான் போட்டுக் கழட்டினதும் இருக்கு."

பர்மிய மொழியில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். அதிகாரி ஓர் அடி பின்னால் போனான். சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவன்கூட அந்தத் துணியைத் தொடவில்லை. கெட்டவார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு இறங்கிப் போனார்கள்.

செல்வம் அத்தனைக்கும் அடியில் குனிந்து வெளியே வந்தான். "போச்சு அத்தை, என் மகிமை எல்லாம் போச்சு" என்றான். "உயிர் இருக்கில்ல, போதும்" என்றீர்கள். மூன்று பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். அந்த வாரமே அவனை எல்லை தாண்ட வைத்தோம்.

வார்டு ஆள் அவமானத்தை மறக்கவில்லை. "சும்மா ஒரு விஷயம் கேக்கணும்" என்று வந்து உங்களைக் கூப்பிட்டான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "இறக்கி வச்சிடு, வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆபீசில் கேட்டால், அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். இந்தக் கட்டடத்தில் உங்கள் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. 'அந்த வீடு' என்கிறார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. ஜெயிலில் இருந்து விடுதலையாகி வந்த ஒரு பெண்தான் என்னைத் தேடி வந்து சொன்னாள், அந்தத் தமிழம்மா மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்று. கொள்ளி வைக்கக்கூட உங்களை எங்களுக்குக் கொடுக்கவில்லை.

செல்வத்துக்கு இது தெரியாது. தெரிந்தால் அங்கே நிற்கமாட்டான், உங்களைக் கொண்டுபோனவனைத் தேடி வருவான். ஒவ்வொரு முறை போனில் கூப்பிடும்போதும் "அத்தைக்கிட்ட குடும்மா" என்பான். கடைக்குப் போயிருக்காங்க, குளிக்கிறாங்க, கண்ணசந்துட்டாங்க என்று நானும் சொல்லிவந்தேன். நேற்று அவன் நம்பவில்லை.

"பொய் சொல்லாதம்மா. அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? நான் வர்றேன். ஒரு நாள் பாத்துட்டுத் திரும்பிடறேன்."

வேண்டாம் என்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

இன்று காலை தண்ணீர் பிடிக்க இறங்கியபோது, வார்டு ஆள் படிக்கட்டில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மகன் வர்றானாமே?"

நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. சுவரிடம்கூடச் சொல்லவில்லை. குடத்தை நிரப்பாமலே மேலே வந்துவிட்டேன்.

சாயங்காலம் செல்வம் மறுபடி கூப்பிடுவான். அவர்களும் லைனில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்கட்டும். அத்தை செத்துட்டாங்க, இவனுங்கதான் கொன்னானுங்க, இங்க உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறானுங்க, வராதே என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என் கதவைத் தட்டுவார்கள் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. அன்று அவ்வளவு சத்தமாகச் சொன்னபோது உங்கள் குரலும் நடுங்கியது, அக்கா. எனக்குக் கேட்டது.