குதிரைப் பாதை

மார்ச் 4
மழை விட்டு ஏரிப் பாதைகள் காய்ந்துவிட்டன. கரையோரம் நடப்பவர்களுக்கு, நடுவில் சைக்கிளுக்கு, மரங்களுக்குள் போகும் மண் பாதை எங்கள் குதிரைகளுக்கு. காலையிலேயே சவாரிக்கு ஆள் வந்தது. கருப்பி முதுகிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார்கள். கூடவே ஓடிவரும் என்னை ஒருத்தரும் பார்ப்பதில்லை. போகட்டும், குதிரை அவள்தானே.

மார்ச் 9
அக்கா புருஷன் சைக்கிள் கூட்டாளிகளோடு மறுபடியும் குதிரைப் பாதையில். "மாமா, இது உங்க பாதை இல்ல" என்றேன்.
"ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா, குதிரைக்காரி?"
எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன். "அவர் சுபாவம் தெரியாதா உனக்கு? பெருசு பண்ணாத" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 16
இடது தோள் எலும்பு முறிந்துவிட்டது. கருப்பி போய்விட்டாள்.

மார்ச் 18
நான் கருப்பி மேல் இருந்தேன். வளைவில் பின்னாலிருந்து அக்கா புருஷன் சைக்கிளில் சத்தமில்லாமல் வந்து, பக்கத்தில் ஹாரனை அழுத்தினான் — லாரி ஹாரன் மாதிரி அலறுவது, கூட்டாளிகளுக்கு வேடிக்கை காட்ட மாட்டியது. கருப்பி மிரண்டு பாய்ந்தாள். கரைக் கற்களில் விழுந்தோம். அவள் முன்னங்கால் — வேண்டாம். எழுந்திருக்கப் பார்த்தாள், திரும்பத் திரும்பப் பார்த்தாள். கால்நடை மருத்துவர் வந்து கடைசி ஊசி போடும்வரை தலை என் மடியில்.
அந்தப் பாவி போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றான்.
நடைபாதையிலிருந்து அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். ஓடி வந்தாள். என்கிட்ட இல்ல. அவன்கிட்ட. "உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?"ன்னு கேட்டா.

மார்ச் 27
ஏரி அலுவலகத்தில் விசாரணை. குதிரைக்கு வெறி, முன்பே ஆட்களை உதைத்திருக்கிறது என்றான் அவன். அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஹாரன் சத்தம் எதுவும் கேக்கல சார். அதுவாத்தான் ஓடுச்சு."
வெளியே அம்மா என் அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தது குதிரை. உங்கக்கா அவரோட வாழணும்ல?"
அப்ப நான்? கையை விடுவித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகாமல் லாயத்திலேயே படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11
குதிரைச் சவாரிக்குத் தடை. லாய முதலாளி மீதிக் குதிரைகளை விற்றுவிட்டார். கிழட்டு வெள்ளை மட்டும் லாரியில் ஏற மாட்டேன் என்று என்னையே பார்த்து நின்றது. நான்தான் பேசிப் பேசி ஏற்றிவிட்டேன். என்னை நம்பித்தான் ஏறியது.

மே 2
மண் பாதையும் இனி சைக்கிளுக்கு. அதே அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனேன், வேறு வழி? கொடுத்தார்கள். பலகைகளில் குதிரைப் படத்தை அழித்துச் சைக்கிள் வரைய வேண்டுமாம்.

மே 6
சைக்கிள் வரைவது சுலபம்.

மே 20
பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். "அம்மா சரியாவே சாப்பிடறதில்ல. உன்னையேதான் கேக்கறாங்க. வீட்டுக்கு வாடி."
தூரிகையைத் துடைத்தேன்.
"யாருங்க நீங்க?"
சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு தடவையும்.
"பெயிண்ட் காயல. தள்ளி நில்லுங்க, துணியில ஒட்டிக்கும்" என்றேன்.
திரும்பிப் போனாள். அந்தப் பலகையை முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல பசி.