நிழலில் காய வேண்டிய இறக்கை

இன்று காலை செங்கற்களை எடுத்ததும் இறக்கையின் முனை மெல்ல மேலே எழும்பியது. உன் பசையின் வாடை இன்னும் அதில் இருக்கிறது.

போன மாதம் உன் மனைவி திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து, நீ செய்த மாதிரி விமானத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். "நேராக்கி ஒரு தடவ பறக்க விடுங்கண்ணே. அவுக ஆசப்பட்டது அது ஒண்ணுதான்."

டயாலிசிஸுக்கு மதுரை போகாத நாட்களில்தான் நீ அந்த விமானத்தைச் செய்தாய். கண்மாய் வற்றித் திடலாகக் கிடக்கும்போதே அங்கே அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்றாய். திடீரென்று பெய்த மழையில் சன்னலோரம் இருந்த இறக்கை நனைந்து, மேல்பக்கமாக வளைந்துவிட்டது. இறக்கையின் பால்சா மரத்தகடு அவ்வளவு மெல்லியது.

"வேற ஒண்ணு செய்யேன்" என்றேன்.

"ஏலே, ஒனக்கென்ன, பேப்பர்ல தப்பா எழுதுனா நாளைக்கு வருந்துகிறோம்னு போட்டுருவ. எனக்கு இன்னொண்ணு செய்யத் தெம்பு வேணாமாலே?"

குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றினோம். சமமான பலகையில் கிடத்தி, மேலே பழைய பேப்பரும் செங்கல்லும் வைத்தோம். "நெழல்லயே காயணும். வெயில் பட்டா போச்சு" என்று சொன்னது நீதான்.

மறுநாள் நரிக்குடியில் செய்தி சேகரித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். இறக்கை மொட்டைமாடியில், மிளகாய் வத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. உன் மனைவியைப் பார்த்தேன்.

"அவுகதாண்ணே வைக்கச் சொன்னாக. நெழல்ல காயுற வரைக்கும் நமக்கு நாளு இருக்கான்னாக."

ஈரம் எதுவானாலும் வெயிலில் போடுகிற ஊர் இது. உனக்கு விவரம் தெரியும், காத்திருக்கத்தான் முடியவில்லை. ஈரமாக இருந்த மேல்பக்கம் வெயிலில் சுருங்கி, முன்னைவிட மோசமாக வளைந்திருந்தது. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்மூரு வெயிலு வத்தலுக்குத்தாம்லே லாயக்கு" என்று சிரித்தாய். அடுத்த முறை மதுரை போன நீ உயிரோடு திரும்பவில்லை.

என் வீட்டில் நல்ல நிழல் இருக்கிறது, அவசரமும் இல்லை. நீ சொன்னபடியே நனைத்துக் காயவைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வளைந்துகொள்கிறது. வெயில் வாங்கிய மரம் இனி படியாது என்று நினைக்கிறேன். கண்மாயிலும் தண்ணீர் வந்துவிட்டது.

உன் மனைவி போன் செய்து, "நேராயிருச்சாண்ணே?" என்று கேட்கிறார்.

"காயுதும்மா" என்கிறேன்.