கானின் அடியில் கிடந்த டீசல்

இன்று காலை மன்னாரிலிருந்து ஒருவர் நமது காரை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். வந்ததும் வராததுமாக, என்னோடு பேசுவதற்கு முன்பே, காரின் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இயந்திரம் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம், சூட்டில் பழுது தெரியாதாம். இந்த வித்தை தெரிந்தவள் இந்த மாவட்டத்தில் நீ ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீர்கொழும்பில் இதை வாங்கப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? "நேற்று நிப்பாட்டினது, இண்டைக்கு இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லை" என்று விற்பவர் சத்தியம் செய்தார். நான் தலையாட்டினேன். அந்தக் கறுப்பு நிறத்தைக் கண்டதுமே என் புத்தி பேதலித்துவிட்டது. இருபத்தைந்து வயதில் ஒரு முதலாளிக்கு இதே மாதிரி ஜேர்மன் டீசல் காரை ஓட்டியவன் நான். அதைத் துடைத்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன், பின்சீற்றில் ஒருநாளும் இருந்ததில்லை. நீயோ பொனற்றைத் தொட்டுப் பார்த்தாய்.

"இஞ்சாருங்கோ, இது இப்பதான் அணைச்ச அடுப்பு" என்றாய். பிறகு அவரைப் பார்த்து, "ஆறட்டும் அண்ணை, நாங்கள் இருந்து பார்த்திட்டுப் போறம்" என்று சொல்லிவிட்டு, அவருடைய விறாந்தைக் கதிரையில் வசதியாக உட்கார்ந்துவிட்டாய். மூன்று மணித்தியாலம்! இரண்டு தரம் தேத்தண்ணீர் தந்தார்கள். மூன்றாம் தரம் தரவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உனக்கு அது கிடையவே கிடையாது.

ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினோம். மூன்றாம் முறைதான் பற்றியது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. மீற்றர் நாலு இலட்சம் கிலோமீற்றரைக் காட்டியது. பிறேக் மிதிகட்டையின் ரப்பர் தேய்ந்திருந்ததைப் பார்த்தால் அதுகூடக் குறைவு. எல்லாம் முடிந்தது என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். நீ கண்ணை மூடி இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டாய். "உங்கட கிழவன் இருமுறான்தான். ஆனா மூச்சு நல்லாயிருக்கு. எடுங்கோ."

வெள்ளாங்குளத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி இரண்டாம் வருடம். தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஜேர்மன் கார் நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் சிரித்த அதே சனம்தான் கலியாணத்துக்கு வந்து கேட்டது. நானாட்டான் பக்கம் எத்தனை பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றி இறக்கினோம்! உதிரிப் பாகம் ஒன்று பழுதானால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்வரை கிழவன் சில்லுக் கழற்றி மரக்கட்டையில் நிற்பான். ஏசி ஒருநாளும் வேலை செய்ததில்லை. மணப்பெண்ணுக்கு முகம் வியர்த்துவிடும் என்று நீ விசிறியோடு முன்சீற்றில் ஏறிக்கொள்வாய். பிள்ளை குட்டி இல்லாத நமக்கு, அந்த வருடங்களில் வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. இப்போது எதிர்வீட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

உன்னிடம் ஒரேயொரு பைத்தியம் இருந்தது. டீசல் கான்கள். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் டீசல் வராத நாட்களில் தண்ணீர்ப் பம்பு ஓடாமல், கதிர் வெளிவரக் குடலை தள்ளிய நெல் நம் கண்ணெதிரே காய்ந்தது. அன்று வரப்பில் இருந்து நீ அழுத அழுகைக்குப் பிறகு, எண்ணெய் என்று எதைக் கண்டாலும் வாங்கி வைப்பாய். சண்டை முடிந்த பிறகும் குசினிக்குப் பின்னால் பதினொரு கான் இருந்தது. சண்டைதான் முடிந்துவிட்டதே என்றேன். "முடிஞ்சதெண்டு உங்களுக்கு ஆர் கடிதம் போட்டது?" என்று கேட்டாய்.

ஆனால் முறை தெரிந்து வைத்திருந்தாய். கடற்காற்றுக்கும் மாரிக்கும் கானுக்குள் தண்ணீர் கோர்க்கும் என்று, அந்தத் தண்ணீர் அடியில் படிய, எடுக்கும் கானை இரண்டு நாள் அசையாமல் வைப்பாய். பழைய நூல் சேலையை நாலாக மடித்து வடிப்பாய். அடியில் நாலு விரல் உயரம் விட்டுவிடுவாய். அந்த அடி டீசல் வேலிக் கதியால் தடிகளில் ஏறும் கறையானுக்குப் போகும். பிள்ளைக்குப் பால் வடிக்கிறாய் என்று நான் நக்கலடிப்பேன்.

காலையில் வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, எப்பவாவது நடுவழியில விட்டதோ?"

"இல்லை" என்றேன். அது பொய். பிறகு, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். பாவம், வெயிலில் வந்தவர்.

கிழவன் நடுவழியில் விட்டதற்கு முதல்நாள் பின்னேரம் நீ நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று படுத்திருந்தாய். வாய்வு என்றுதான் இருவரும் நினைத்தோம். மறுநாள் எனக்கு ஒரு கலியாண ஓட்டம் இருந்தது. தாங்கியில் டீசல் குறைவு. எண்ணெய் அடிக்கிற செட்டுவரை போகச் சோம்பல்பட்டுப் பின்பக்கம் போய்க் கானொன்றைத் தூக்கினேன். "அடியை ஊத்தாதேங்கோ" என்று உள்ளே இருந்து சொன்னாய். "சரி, சரி" என்றேன். நாலு விரல் டீசலைக் கறையானுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வடிக்காமல், கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன்.

விடிந்ததும் நீ வியர்த்துக் கொட்டிக்கொண்டு எழுந்தாய். உன்னைப் பின்சீற்றில் சாய்த்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். இலுப்பைக்கடவை தாண்டியதும் கிழவன் இரண்டு தரம் குலுங்கினான், நின்றுவிட்டான். ஒரு வாகனம் வரவில்லை. போனுக்கு சிக்னல் இல்லை. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றினேன். அடியில் தெளிந்த தண்ணீர். ஊற்றிவிட்டு, காற்றுப் போகும்வரை கைப்பம்பை அடித்தேன், அடித்தேன். அவசரத்தில் இரண்டு தரம் ஆணி மண்ணில் விழுந்தது. மறுபடி பற்றுவதற்கு முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

நடுவில் நீ கண்ணாடியை இறக்கி மெல்லக் கேட்டாய்.

"தண்ணியே?"

"தண்ணிதான்."

"என்ர கான்தானே. நான்தானே தேவையில்லாமச் சேர்த்து வைச்சனான். என்ர பிழைதான், என்ன?"

நான் நிமிராமல், "ஓம்" என்று ஆமோதித்தேன்.

பயத்தில் சொன்னேனா, எரிச்சலில் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். எனக்குச் சொல்வதற்கு இரண்டு முழு நாட்கள் இருந்தன. நீ என் கையைப் பிடித்து, "வீட்டை போனதும் அந்தக் கானுகளை ஆருக்காவது குடுத்திடுங்கோ. என்ர பயத்தாலதான் இவ்வளவும்" என்றாய். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். அந்த முக்கால் மணித்தியாலம் உன் உயிருக்கு எவ்வளவு முக்கியம் என்று டொக்டரிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கத் துணிவில்லை. உன் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பழைய கார் காலை வாரிவிட்டது என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

உன் பயத்தில் பிழையில்லை. நீ உள்ளே இருந்து சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் ஊற்றினேன். அன்று நடுரோட்டில் உண்மையைச் சொல்லியிருந்தால், மன்னார் வரும்வரை என்னை ஏசியிருப்பாய். நான் சொல்லாததால் உன்னையே ஏசிக்கொண்டு போய்விட்டாய்.