கருடனுக்கு நெத்திலி

நெல்லித்தோப்பு, நம் வீட்டு அடுப்படி
26.9.2025, வெள்ளி மாலை

பேச்சை நிறுத்திவிட்ட என் அன்பு அம்மாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நலமா என்று கேட்டால் அடிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நீ திறந்த தயிர் டப்பாவுக்குள் நெத்திலி இருந்தது வாஸ்தவம். புரட்டாசியில் நம் ஃப்ரிட்ஜுக்குள் கவுச்சி நுழைந்தது குற்றம்தான். ஆனால் அது என் குறும்பு இல்லை. அரிசிப் பானையில் ரப்பர் பல்லி வைத்தேனே, அதுதான் குறும்பு.

நேற்று பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்தச் செம்பருந்து விழுந்து கிடந்தது. இறக்கையில் பட்டத்து மாஞ்சா நூல். நூலை வெட்டி எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, பறவைகளை மீட்கிற குழுவுக்கு போன் செய்தேன். திங்கட்கிழமை வந்து எடுத்துப்போகிறோம், அதுவரை பச்சை மீனைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், பால் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பிறகு நீ வேலையிலிருந்து வந்தாய். "கருடாழ்வாருடி" என்றாய். அவ்வளவுதான். பெட்டிக்கு மஞ்சள், குங்குமம், கற்பூரம். பக்கத்து வீட்டுத் தனக்கொடி அக்கா குடும்பத்தோடு வந்து சுற்றிக் கும்பிட்டுவிட்டு, முதல் வேலையாகப் பாலை ஊற்றினார். எனக்குக் கிடைத்தது நோயாளி. உங்களுக்குக் கிடைத்தது கோயில்.

அந்த மீன் இப்போது எங்கே? அதை மட்டுமாவது எழுதி வை.

வாயில்லாத ஜீவனுக்கும் வாய் திறக்காத அம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட,
சுடர்விழி


27.9.2025, சனி காலை

சுடருக்கு,

மீன் பூனைக்குப் போயிற்று. தயிர் டப்பா குப்பைக்குப் போயிற்று.

பெருமாளைச் சுமக்கிற பறவை அது. புரட்டாசி சனிக்கிழமையில் கவுச்சியைத் தொடுமா? பழம் நறுக்கி வைத்திருக்கிறேன். பசித்தால் தானாகத் தின்னும்.

இந்த விரதம் யாருக்காக? கணக்கில் ஃபெயிலாகிவிட்டு ஈயென்று சிரித்த உனக்காக. நீ பன்னிரண்டாவது பாஸாக வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதில் மீன் அலசிய தண்ணீரை ஊற்றாதே.

உனக்கு உப்புமா மூடி வைத்திருக்கிறது.

அம்மா


27.9.2025, சனி மாலை

அம்மா,

அது தின்னவில்லை. வாழைப்பழத்தை, நான் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதுவும் நம்மைப் போல விரதம் இருக்கிறது என்கிறார் தனக்கொடி அக்கா. அது எந்தப் பிள்ளை பாஸாகணும்னு இருக்குது என்று கேட்டேன். என் வாய் நீளம் என்று உன்னிடம் சொல்வார். சொல்லட்டும்.

மதியம் வரை பெட்டியைத் தொட்டாலே கொத்த வந்தது. இப்போது கையை உள்ளே விட்டாலும் சும்மா இருக்கிறது. தலை தொங்குகிறது. கண் பாதி மூடியிருக்கிறது. இந்த ஒரு தடவை நான் விளையாடவில்லை, நம்பு. திங்கட்கிழமை வருகிறவர்களிடம் வெறும் பெட்டியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உன்னைக் கேட்காமல் இனி வீட்டுக்குள் மீன் கொண்டுவர மாட்டேன். ஆனால் எனக்காக இருக்கிற விரதத்தில் அது பட்டினி கிடந்து சாக வேண்டாம். நான் ஃபெயிலாகிவிடுகிறேன் அம்மா. அதற்கு மீன் போடு.

சுடர்


28.9.2025, ஞாயிறு காலை

சுடருக்கு,

நீ தூங்குகிறாய். எழுப்பவில்லை.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். முந்தானை மேலே பட்டும் அது அசையவில்லை. பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "புரட்டாசியில நீயா?" என்றாள். பெருமாள் வீட்டு ஆளுக்கு என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடப் போட்டாள்.

பின்பக்கம் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நறுக்கினேன். முதல் துண்டை அது கண்டுகொள்ளவில்லை. மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பிடுங்கியது, என் விரலையும் சேர்த்து. ரத்தம் வந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

தனக்கொடி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா இது அநியாயம்" என்றாள். "விரதம் எனக்குத்தாண்டி, அதுக்குப் பசி" என்றேன். பால் சொம்போடு வந்தவள் அப்படியே திரும்பிவிட்டாள்.

மீதியை வாழையிலையில் மூடி, துவைக்கிற கல் மேல் வைத்திருக்கிறேன். காக்கா தூக்குவதற்குள் எழுந்து நீ போடு. நான் குளித்து விளக்கேற்றிவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறேன். விரதத்தை விடவில்லை.

ஃபெயிலாகிறேன் என்று எழுதிய தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்படியெல்லாம் எழுதாதே.

சாயங்காலம் வந்து பேசுகிறேன். திட்ட வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது.

அம்மா