நேரியலில் பூசணிக் கறை

மார்த்தாண்டம்,
1935 மார்ச் 4.

பிரியமுள்ள மகன் டைட்டசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் இங்கே நான், உன் ராஜபாய் அத்தை, உன் மனைவி ஜெபகுமாரி, பிள்ளை லீலாபாய், பசு, கன்று, கோழிகள் உட்பட எல்லோரும் நலமாயிருக்கிறோம். கோழிகளை ஏன் சேர்த்தேன் என்பது போகப்போகத் தெரியும். கடல் கடந்து அந்தத் தேயிலை மலையில் உன் நெஞ்சுச் சளி தீர்ந்ததா, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொன்னபடி கேட்கிறார்களா என்று மறக்காமல் எழுது. உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் வராததற்குத் தபால்காரரைக் குற்றம் சொல்லாதே, அவர் நல்ல மனிதர். குற்றம் முழுவதும் என்னுடையது, அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதக் காற்றில் தோட்டத்து ஏத்தன் வாழை பதினோரு மூடு சாய்ந்தது. குலை முற்றாமல் விழுந்ததில் எனக்கு மனவருத்தம்தான், ஆனால் காயெல்லாம் சீவி வெயிலில் போட்டு மாவாக்கிவிட்டேன், வீணாகவில்லை. உன் அத்தை அறுபது வயதிலும் கண்ணாடி போடாமல் லேஸ் பின்னுகிறாள், என்னைக் குறை சொல்லும்போது மட்டும் ஊசியைக் கீழே வைக்கிறாள். கோவில் மதில் இன்னும் கட்டி முடியவில்லை. பார் மக்களே டைட்டஸ், சொல்லவேண்டியதை விட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூன்று தடவை இப்படித்தான் வாழையில் தொடங்கி மதிலில் முடித்துத் தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தாளைக் கிழிக்கமாட்டேன்.

டிசம்பரில் நீ எழுதினாய், குடியிருக்க வீடு கொடுத்துவிட்டார்கள், ஆனால் மலையில் ஏத்தங்காய் மாவும் கிடையாது, நேரத்துக்குப் பாலும் கிடையாது, ஆகவே பிள்ளை சோறு தின்னத் தொடங்கியதும் இரண்டு பேரையும் அனுப்பிவையுங்கள் என்று. நியாயமான பேச்சு. அப்போது பிள்ளை சோறு தின்னவில்லை என்பதும் உண்மை. ஆறு மாதத்தில் ஏத்தங்காய் மாவைக் கருப்பட்டிப் பாகில் காய்ச்சிக் கூழாகக் கொடுக்கத் தொடங்கியதும், அவள் அதைக் கண்டால் கையையும் காலையும் அடித்துக்கொண்டு கிடந்ததும் நான் எழுதி உனக்குத் தெரிந்ததுதான். என் மாவைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், ஊரில் யாரும் என்னைப்போல் சலித்து அரிப்பதில்லை. அரிப்புச் சல்லடையில் ஒரு தடவை, துணியில் இரண்டு தடவை, தொட்டால் விரலில் ஒட்டுவது தெரியாது. போன செப்டம்பரில் ஒரு நாள் நான் பழத்தைக் கையால் மசித்து ஊட்டினேன், அதில் ஒரு கட்டி கிடந்திருக்கிறது. அது பிள்ளையின் தொண்டைக்குப் போன உடனே கண் பிதுங்கிவிட்டது, முகம் சிவந்து பிறகு கறுத்தது. நான் அவளைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன், கட்டி வந்து விழுந்தது. அவள் அரை நாழிகையில் சிரித்துவிட்டாள். நான் அன்றைக்கு முழுவதும் அவளைக் கீழே இறக்கிவிடவில்லை.

அதற்குப் பிறகு கட்டியோ, குருணைபோல் தரியோ நாக்கில் பட்டால் போதும், ஓக்காளித்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவாள். அவள் தள்ளத்தள்ள நாங்கள் இன்னும் நீர்க்கக் கொடுத்தோம், நாங்கள் நீர்க்கக் கொடுக்கக்கொடுக்க அவளுக்குக் கஞ்சித் தண்ணீரில் ஒரு பருக்கை கிடந்தாலும் ஆகாமல் போயிற்று. பத்து மாதம், பதினோரு மாதம், ஒரு வயதும் ஆகிவிட்டது. நாலு பல் முளைத்த பிள்ளை பல்லில்லாதவர்களைப்போல் குடித்துக்கொண்டிருந்தாள். உன் அத்தை ஊசியைக் கீழே வைத்து, ஏலே யேசுரத்தினம், பள்ளிக்கூடம் போற பிராயத்திலயும் இவளுக்கு வடிகட்டித்தான் குடுக்கப் போறியா என்று கேட்டாள்.

ஜனவரியில் ஜெபகுமாரி தானே துணிந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, பால் குடிக்கவைத்தும் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, தொண்டையில ஒரு கேடும் இல்ல, வாய்க்கு வேல குடுக்காம வளத்துப்போட்டிய, அதாக்கும் என்று சொன்னாளாம். இன்றைக்குக் கூழ் என்றால் மூன்று நாள் கழித்து அதைவிடக் கொஞ்சம் கெட்டி, பிறகு தரிதரியாக, பிறகு மசித்த சோறு, இப்படி ஏணிப்படிபோல் ஏற்றவேண்டும், ஓக்காளித்தால் பயப்படக்கூடாது, பின்வாங்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். உன் மனைவி அதைச் சொன்னபடி கேட்டு, அன்று முதல் ஒரு நாள் தவறாமல் சோறும் பருப்பும் பூசணிக்காயும் வேகவைத்து, கையால் மசித்து, கிண்ணத்தில் ஆறவைத்து வைப்பாள். ஊட்டுவது என் வேலை. வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி நான் பிள்ளையையும் கிண்ணத்தையும் வாழை மூட்டு நிழலுக்குக் கொண்டுபோவேன். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும். ஆறு வாரம் இப்படி நடந்தது. ஆனால் வீட்டுக்குள் யாராவது ஒரு பருக்கை வாயில் வைத்தால் பிள்ளை பழையபடி ஓக்காளிப்பாள். ஜெபகுமாரிக்கு ஒன்றும் புரியவில்லை, ராத்திரி ஜெபத்தில் அழுதாள். அத்தைக்கும் புரியவில்லை, ஆனால் கோழிகளெல்லாம் நான் போகுமிடமெல்லாம் பின்னால் வருவதைப் பார்த்து, ஏலே, நீ என்ன கோழிக்கு உபதேசியாரா என்று மட்டும் கேட்டாள்.

மக்களே, உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். வாழை நிழலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த நேரியல் துண்டை எடுத்து, அந்தச் சோற்றையும் பருப்பையும் அதில் பிழிந்து, நீரை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தேன். சக்கை கோழிக்கு. பிறகு கிணற்றடியில் நேரியலை அலசிப் போட்டுக்கொண்டு வருவேன். செப்டம்பரில் நான் பார்த்த அந்த முகத்துக்குப் பயந்துதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் உன் டிசம்பர் கடிதம் வந்த நாளிலிருந்து அதில் எவ்வளவு பயம், எவ்வளவு வேறொன்று என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சோறு தின்றால் உன்னிடம் போய்விடுவாள். காலையில் கண் விழித்ததும் என் மீசையைத்தான் முதலில் பிடிப்பாள். அதை விட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான், சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் என்னைப் பிடித்த இடம்தான் வேடிக்கை. போன மாதம் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுக்கும் முறை எனக்கு. முந்தின நாள் பிழிந்தது பூசணிக்காய், நேரியலைச் சரியாக அலசவில்லை. அவசரத்தில் கொடியில் கிடந்த நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டேன். பையோடு ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசைக்கு வந்தபோது ஒவ்வொருத்தியும் பையைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் மஞ்சளாக, முறுக்கிப் பிழிந்த சுருக்கத்தோடு, நடுவில் ஒரு பருப்புத் தோலும் ஒட்டியிருந்தது. ஜெபகுமாரி காசைப் போட்டாள், கறையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லித் தப்பியிருப்பேன். அவளோ அடுப்பு மூட்டி, சோறும் பருப்பும் மசித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நேரியலைக் கேட்டு வாங்கிக் கொடியில் போட்டாள். பிறகு எதிரே உட்கார்ந்துகொண்டு, மாமா, பிள்ளை அப்பன் முகத்தப் பாத்து ஒம்பது மாசம் ஆச்சு, இனி நீங்களே ஊட்டுங்கோ, நான் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றாள். நான் கிண்ணத்தை எடுத்தேன். முதல் வாய்க்கே பிள்ளை ஓக்காளித்தாள், கண்ணில் நீர் வந்தது, நான் அவளைத் தூக்கப் போனேன். விடுங்கோ மாமா, அவளே தள்ளுவா என்றாள் ஜெபகுமாரி. பிள்ளை நாக்கால் முன்னே தள்ளி, என் நெஞ்சிலேயே துப்பிவிட்டு, இத்தனை நாள் நம்பின என்னை நீயும் இப்படிச் செய்தாயே என்கிறமாதிரி பார்த்தாள். நாலு நாள் இதேதான். நாலாம் நாள் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் உன் அத்தை வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை தவழ்ந்து போய் தட்டைப் பிடித்து எழுந்து, பஞ்சுபோல் வெந்த ஒரு துண்டை அள்ளி வாயில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன், அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பிள்ளை ஒரு தரம் ஓக்காளித்தாள், இருமினாள், நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. பிறகு அவள் வாய் அசையத் தொடங்கியது. அந்த நாலு பல்லும் எதற்கு வந்ததென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்ததுபோல் மென்றாள். விழுங்கினாள். வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். ஜெபகுமாரி அழுதுகொண்டே சிரித்தாள். உன் அத்தை, ஏட்டி, என் கிழங்கு முழுசும் போச்சே என்று சொல்லிக்கொண்டே தட்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளி வைத்தாள். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, நாம் கரண்டியை உள்ளே விட்டால் அவளுக்குப் பயம், தன் கையால் எடுத்தால் எவ்வளவு எடுக்கவேண்டும் என்று அவளுக்கே தெரிகிறது. கையில் கொடுக்கத் தொடங்கிய பிறகு பழம், இட்டிலி, குழைந்த சோறு என்று ஒவ்வொன்றாக ஏறிவிட்டாள். இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்து பருப்புச் சோறு தின்கிறாள், பாதியைக் கோழிக்கு எறிகிறாள். கோழிகள் என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை, அவள் பின்னால்தான் திரிகின்றன.

ஆகவே நீ கேட்டது நடந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்த வாரம் நமக்குத் தெரிந்த தேங்காய்ப்பட்டணம் சைபுதீன் தம் மனைவி ஜொஹரா பேகத்தோடு தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்குப் போகிறார். ஜெபகுமாரியையும் பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய் உன் கையில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ துறைமுகத்தில் வந்து நில், தாமதிக்காதே. பிள்ளை உன்னைக் கண்டு முதலில் அழுவாள், அதற்காக மனம் தளராதே, ஒரு மீசை வைத்துக்கொள். சாப்பிடும்போது நிமிர்த்தி உட்காரவை, படுக்கவைத்து எதையும் கொடுக்காதே, வாயில் இருக்கும்போது சிரிப்புக் காட்டாதே. நிலக்கடலை, கொட்டை, முள்ளுள்ள மீன் கிட்டே வரக்கூடாது. இருமினால் இருமட்டும், உடனே பாய்ந்து முதுகில் தட்டாதே, ஆனால் சத்தமில்லாமல் திணறினால் ஒரு நொடியும் நிற்காதே. ஜெபகுமாரிக்கு உன்னையும் என்னையும் விட அதிகம் தெரியும், அவள் சொன்னபடி கேள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், அத விடுங்கோ மாமா, நீங்களும் அத்தையும் கார்த்திகைக்கு அங்க வாங்கோ என்றாள். உன் அத்தை கப்பலுக்குப் பயமில்லை, உன் சமையலுக்குத்தான் பயம் என்கிறாள்.

வீடு கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கூரையின் கீழே மூன்று தட்டும் ஒரு நாளும் வெறுமையாகாதபடி ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. நீ குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

ஒன்று மறக்கவேண்டாம். ஜெபகுமாரியின் பெட்டியில் ஒரு தகர டின்னில் ஏத்தங்காய் மாவு வைத்திருக்கிறேன், வழியில் பசித்தால் காய்ச்சிக் கொடுக்க. தொட்டுப் பார்த்தால் தரிதரியாக இருக்கும், அப்பாவுக்குக் கை தளர்ந்துபோயிற்று என்று நினைக்காதே. இந்தத் தடவை நான் அரிக்கவில்லை. நீயும் அரிக்காதே.

இப்படிக்கு,
உன் மேல் உயிராயிருக்கும் அப்பா
யேசுரத்தினம்