நீல மோதிர ராணி சொல்லாத வார்த்தைகள்

அக்கா,

நேற்று பெயின்ட் அடிக்க வந்தவர் மொட்டைமாடியிலிருந்து நம் பழைய ஆன்டெனாவை இறக்கிக்கொண்டு வந்தார். பாதிக் குழாய்கள் உடைந்து, மீதியில் காக்கை எச்சம். "எடைக்குப் போட்டுறவாம்மா?" என்றார். "வைங்கண்ணே அங்கிட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷர் பயந்துபோனார். இந்த வயசிலும் எனக்கு வாய் குறையவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்திருப்பீர்கள்.

விளாங்குடியில் நம் தெருவுக்கு முதல் டிவி நம் வீட்டில்தான் வந்தது. அதற்கு முந்தின வருஷம் நீங்கள் வந்தீர்கள், என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு இரண்டாம் தாரமாக. பம்பாயில் மில் வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். வயசில் என்னைவிட நாலு வருஷம் சின்னவர், ஆனால் முறைக்கு அக்கா. அந்த வார்த்தை என் வாயில் வரவே வராது. "இந்தாங்க", "கேட்டீங்களா" என்றே ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

காரணம் செல்வி, மூத்த தாரத்து மகள். அவளைப் பெற்றவள் போன பிறகு மூன்று வருஷம் தலைவாரி, சோறூட்டி, பக்கத்தில் படுக்கவைத்து வளர்த்தவள் நான். அப்போது எனக்குப் பிள்ளை கிடையாது. நீங்கள் வரப்போகிறீர்கள் என்றதும் அவள் காதில் ஓதியதும் நான்தான். "வர்றவ ஒன்னயப் பாத்துக்கிருவான்னு நெனைக்காத. ஒனக்கு இந்தச் சித்தி இருக்கேன்." பத்து வயசுப் பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உங்களை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. நீங்கள் பின்னிவிட்ட சடையை அவிழ்த்துப்போட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்காருவாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அக்கா. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் கடைசிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஹிந்தித் தொடர் வரும். மாயக்கோட்டை, பேசும் கிளி, ஒரு ராஜகுமாரி, அவளுக்கு மாற்றாந்தாயாக வந்த ராணி. ராணி தன் மோதிரத்தைத் திருப்பினால் எதிரில் நிற்பவர் கல்லாகிவிடுவார். தெருவே நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒருத்திக்கும் ஹிந்தி தெரியாது. நீங்கள் சுவரோரம் நின்று தமிழில் சொல்வீர்கள். மோதிரத்தின் கல் நீலம் என்று சொன்னதும் நீங்கள்தான். கறுப்பு வெள்ளை டிவியில் உங்களுக்கு எப்படி நீலம் தெரிந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் வாரம் ராணியைத் திட்டித் தீர்த்த பெண்கள் நாலாவது வாரம் அவள் வராவிட்டால் முகம் சுண்டிப்போனார்கள். ஏன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ராஜகுமாரி அழுவாள், பாடுவாள், அவ்வளவுதான். நல்லவளிடம் கேட்பதற்கு நமக்குக் கேள்வியே இருக்காது. கெட்டவளிடம்தான் "ஏன்டி இப்பிடிப் பண்ற?" என்று கேட்கத் தோன்றும். உங்கள் ராணி அதற்குப் பதில் சொன்னாள்.

ஒரு நாள் அவள் காவல்காரன் ஒருவனைக் கல்லாக்கிவிட்டு ஏதோ சொன்னாள். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "நான் எல்லாரையும் கல்லாக்குறேன்னு சொல்றாங்க. நான் வந்தப்பவே இந்த அரமணையில எல்லாம் கல்லாத்தான இருந்துச்சு? வந்த அன்னைக்கு 'சாப்பிட்டியா'ன்னு ஒரு ஆளு கேட்டுச்சா?"

"ஆத்தி, அது சொல்றதும் நெசந்தான" என்று எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குச் சுருக்கென்றிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரரோடு கப்பலூர் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். சூரத்தில் ஏழு வருஷம் இருந்து ஹிந்தி பழகினவர். தொடர் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மதினி, அந்தம்மா சொல்றது ஒண்ணும் ராணி பேசலையே. 'ஒன்னய விடமாட்டேன், கொன்னுபோடுவேன்', இம்புட்டுத்தான் பேசுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களை மட்டம் தட்ட அதைவிட நல்ல ஆயுதம் எனக்கு எங்கே கிடைக்கும்? அடுத்த வாரம் தொடர் முடியப்போகிறது. தெரு முழுக்க இருக்கும்போது போட்டு உடைப்பது என்று முடிவு பண்ணினேன். அந்த ஞாயிறு காலையில் செல்விக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவளிடம் முதலில் சொன்னேன்.

"அவ சொல்றதெல்லாம் பொய்யிடி. ராணி அப்பிடிப் பேசவே இல்லையாம்."

"எனக்குத் தெரியும் சித்தி" என்றாள் அவள்.

"எப்பிடித் தெரியும்?"

"ராணி ரெண்டு வார்த்ததான் பேசுது. அவுங்க அம்புட்டு நேரம் சொல்றாங்க. அதுவும் டிவியப் பாத்தா சொல்றாங்க? என்னையப் பாத்துத்தான சொல்றாங்க."

"பெறகு ஏன்டி வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்க?"

நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு சித்தி" என்றாள். எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிக் காட்சி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ராஜகுமாரி மோதிரத்தைப் பிடுங்கி ராணியின் பக்கமே திருப்பினாள். ராணி கல்லாகும் முன் கையைத் தாழ்த்தி, மெல்ல ஏதோ சொன்னாள். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. "என்னாத்தா சொல்லுது? சொல்லு" என்று எல்லோரும் திரும்பினார்கள். நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள். கண் நிறைந்திருந்தது. நான் பேச வேண்டிய நேரம் அதுதான். நான் செல்வியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்திருந்த செல்விதான் கத்தினாள். "'போகாதம்மா'ன்னு சொல்லுது அந்தப் பொண்ணு!"

டிவியில் ராஜகுமாரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிக்கிதேடி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"உள்ளுக்குள்ள அழுகுது. ஒங்களுக்குத் தெரியாது" என்றாள் செல்வி. அவள் டிவியைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்கு வந்தேன். நீங்கள் வெறும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். "சாப்பிட்டீங்களாக்கா?" என்றேன். நீங்கள் திரும்பவில்லை, கை மட்டும் நின்றது. "இல்ல. வா, சேந்து சாப்பிடுவோம்" என்றீர்கள். நாம் அன்றைக்குச் சாப்பிட்டது பழைய சோறும் மாவடுவும். அதற்கப்புறம் எத்தனையோ விருந்து பார்த்தாயிற்று, ஒன்றும் ஞாபகமில்லை.

இன்று காலை செல்வி போன் பண்ணினாள். ஆன்டெனாவைப் பற்றிச் சொன்னதும், "நான் வந்து எடுத்துக்கிறேன் சித்தி, யாருக்கும் குடுத்துறாத" என்றாள். அப்புறம் கேட்டாள், "நெசமாவே அந்த ராணி கடைசில என்ன சொன்னுச்சு? அம்மா ஒன்ட்டயாவது சொன்னுச்சா?" நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள், நீங்களும் போய்விட்டீர்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் தமிழில் சொன்ன ராணிதான். பிற்பாடு எனக்குப் பிறந்தானே உங்கள் செல்லம், அவனுக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வந்த அன்றைக்கு "சாப்பிட்டியா" என்று நாலு தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவை அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "இப்பத்தான அத்தை சாப்ட்டேன்! எத்தன தடவ கேப்பீங்க?"

ஒரு தடவைதான் அவளுக்கு, அக்கா. மிச்சமெல்லாம் நீங்கள் வந்த அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது.